ஒரு சப்வூஃபரா, இரண்டா? பத்துக்குப் பதினாலு ஹாலின் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சமையலறைக்குள் போக முடியவில்லை. வாசலை மறித்துக்கொண்டு ஒரு சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர், உட்கார்ந்திருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து மச்சான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டி. மூன்று வருடத்துக்கு முன் நானும் அவனும் ரிச்சி தெருவில் ஒரே நாளில், ஒரே மாடலில், 10 அங்குல சப் ஆளுக்கொன்று வாங்கினோம். அந்த இரண்டையும் ஒரே ஹாலில் வைத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. பார்த்துவிட்டு, இன்னொன்று வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவேண்டும்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். ஹால் நீளம் 14 அடி, அகலம் 10, உயரமும் 10. ஒரு குட்டைச் சுவரில் டிவி. எதிர்ச் சுவரின் நட்டநடுவில் சமையலறை வாசல், அதற்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி அம்மாவின் நாற்காலி. பிள்ளைகள் ஹாலின் நடுவே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். சப்வூஃபர் டிவிக்குப் பக்கத்து மூலையில். அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடியதிலிருந்து சனிக்கிழமை ராத்திரிப் படம் பெரும்பாலும் இந்த ஹாலில்தான். மூன்று வருடமாக ஒரே பஞ்சாயத்து. “காது அடைக்குதுடா, குறை” என்பார் அம்மா. “ஒண்ணுமே கேக்கலப்பா, ஏத்துங்க” என்பாள் பெரியவள். இருவருக்கும் இடையில் ஏழடி கூட இருக்காது. ஒருவருக்கு வயது, இன்னொருத்திக்கு அடம் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அளந்து பார்த்த அன்றுதான் இரண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கடையில் கேட்டால் இதற்கு ஒரே பதில்தான்: “ரெண்டு சப் போடுங்க சார், 5.2, தியேட்டர் மாதிரி இருக்கும்.” அந்த ‘.2’ முதலில் ஒரு குழப்பம். படத்தின் ஒலித்தடத்தில் தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக இருப்பது ஒரே ஒரு சேனல். 5.1 என்றாலும் 7.1 என்றாலும் (முன் எண் மற்ற ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை) அந்த ‘.1’ ஒன்றுதான். இரண்டாவது சப் வாங்கினால் படத்தில் புதிதாக எதுவும் கேட்கப்போவதில்லை. அதே ஒலி இன்னொரு இடத்திலிருந்தும் வரும். அந்த ‘இன்னொரு இடம்’ எது என்பதில்தான் காசு வீணாவதும் வீணாகாததும் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம், கஷ்டமில்லை. ஒலி காற்றில் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர் போகும். நம் ஊரின் 30 டிகிரியில் 349. அடிக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ள ஒரு எண்: 572. அதை அறையின் நீளத்தால் வகுத்தால் அந்த நீளத்துக்கு உரிய முதல் நிலையலை கிடைக்கும். என் ஹாலின் 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57. இந்த ஒலி இரண்டு சுவர்களுக்கும் இடையே போய் மோதித் திரும்பி, ஒரே இடத்தில் நின்று ஆடும். சுவரோரங்களில் அழுத்தம் உச்சம், நடுவில் கிட்டத்தட்டப் பூச்சியம். அம்மா உட்கார்ந்திருப்பது சுவரோரம். பிள்ளைகளின் பாய் சரியாக நடுவில்.

அகலமும் உயரமும் ஒரே பத்தடி என்பதால் 57-இல் இரண்டு அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழும். நம் பக்கம் படுக்கையறைகள் பெரும்பாலும் அந்த அளவைச் சுற்றித்தானே கட்டப்பட்டிருக்கின்றன.

தியேட்டரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? நூறடி நீள அரங்கில் முதல் நிலையலை 5.7 ஹெர்ட்ஸ், காதுக்கே எட்டாது. அதற்கு மேல் அலைகள் நெருக்கியடித்து வருவதால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பிவிடும். என் ஹாலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எண்ணினால் ஐந்துதான் தேறும். தனித்தனியாக நிற்பதால் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. யூடியூபில் நாம் பார்க்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர். அது கொஞ்சம் அதிர்ந்து தாழ்ந்த ஒலியைத் தின்றுவிடும். நமக்கு 9 அங்குலச் செங்கல், மேலே கான்கிரீட். எதையும் தின்னாது, அப்படியே திருப்பி அடிக்கும். ஆகவே மேடும் பள்ளமும் நம் வீட்டில் இன்னும் கடுமை. போதாததற்கு, காதும் இந்தப் பகுதியில் வேறு கணக்கு வைத்திருக்கிறது. பேச்சொலி இரு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் ஏறவேண்டும். 40, 50 ஹெர்ட்ஸில் அதைவிடக் குறைவாக ஏறினாலே போதும். சின்ன ஏற்றத்தாழ்வும் பெரிதாகத் தெரியும்.

“ரிசீவரிலேயே ஆட்டோ கேலிப்ரேஷன் இருக்கே?” என்று மச்சான் கேட்டான். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் அந்த ரிசீவர் பெட்டியில், அறையை அளந்து தானே சரிசெய்யும் வசதி இருக்கிறது, மேட்டைத் தட்டி இறக்கவும் செய்யும். பள்ளத்தை நிரப்ப முடியாது. அங்கே நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், அழிப்பும் தொடரும். 10 டெசிபல் ஏற்ற, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்கவேண்டும். அவ்வளவும் பள்ளத்தில் கொட்டிய தண்ணீர். தவிர, அம்மாவின் நாற்காலிக்கு 41 ஹெர்ட்ஸைக் குறைத்தால் பாயில் இருப்பவர்களுக்கு இருந்த கொஞ்சமும் போய்விடும். இப்படி ஹெர்ட்ஸ் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் ஒரு இருக்கையைத்தான் திருப்திப்படுத்த முடியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு வருகிறேன். லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், யூஎஸ்பியில் செருகும் அளவு மைக் ஒன்று. செல்போன் மைக்கை நம்பி இந்த வேலையில் இறங்கவேண்டாம். பல போன்களின் மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பதிவதில்லை.

முதலில் இருந்தபடியே, மூலையில் ஒரே சப். திரையில் வந்த கோடு எங்கள் குடும்பச் சண்டையின் படம்: அம்மா இடத்தில் 41-இல் மலை, பாயில் அதே 41-இல் கிணறு.

அடுத்து, எல்லோரும் செய்வதுபோல டிவியின் இரண்டு பக்க மூலைகளிலும் ஒவ்வொன்று. பார்வைக்கு லட்சணமாக இருந்தது. 57 ஹெர்ட்ஸில் அகலத்தால் வந்த மேடு நன்றாகத் தணிந்தது. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளியதால் அந்த அலை எழவில்லை. ஆனால் 41? அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் கூடியது. அம்மாவுக்கு மலை இன்னும் உயர்ந்தது, பிள்ளைகளுக்குக் கிணறு கிணறாகவே இருந்தது. ஊஞ்சலை ஒரே பக்கத்தில் நின்று இரண்டு பேர் தள்ளினால் அது இன்னும் வேகமாகத்தானே ஆடும்? நீளவாட்டில் பார்த்தால் இரண்டு சப்பும் ஒரே முனையில் நின்றுகொண்டிருந்தன. இரண்டாவது சப் வாங்கிப் பலன் தெரியவில்லை என்பவர்களில் பலர் இங்கேதான் நின்றுவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

மூன்றாவதாக, ஒன்று டிவிக்கு நேர் கீழே முன்சுவரின் நடுவில், மற்றது எதிர்ச்சுவரின் நடுவில். அங்கேதான் சமையலறை வாசல். இப்போது ஊஞ்சலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஒரே நொடியில் எதிரெதிராகத் தள்ளுகிறார்கள். 41 ஹெர்ட்ஸ் நிலையலை எழவே இடமில்லை. இரண்டு பெட்டியும் அகலத்தின் நடுவில் இருப்பதால் அகலவாட்டு 57-உம் கிளம்பவில்லை. உயரத்தால் வரும் 57 மட்டும் மிச்சம். அம்மா இடத்துக் கோடும் பாய் இடத்துக் கோடும் முதல்முறையாக ஏறக்குறைய ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. ஒரு சண்டைக்காட்சியைப் போட்டோம். பெரியவள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிய சான்றிதழ்.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்ட்டி 2002-இலேயே, செவ்வக அறைகளில் எத்தனை சப் போதும் என்று கணினியில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூட வைத்துப் பார்த்தவர். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று என நான்கு வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் மிகவும் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடலாம். நான்கைத் தாண்டிச் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை என்பது அவர் கண்டது. 2006-இல் அதே நிறுவனத்தின் ஆலன் டெவான்டியரோடு சேர்ந்து, ஒவ்வொரு சப்புக்கும் தனித்தனியே ஒலியளவும் தாமதமும் கொடுத்துச் சரிசெய்யும் முறையையும் எழுதினார்.

நான்கு சப் யோசனையை நான் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்கவில்லை. ஒரு பக்கச் சுவரில் பீரோ, மறுபக்கம் தெருக்கதவு. அதற்கென்றே தனி அறை கட்டுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய ஒன்றா, சிறிய இரண்டா என்பது அதைவிட நியாயமான கேள்வி. கூம்பின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குலத்துக்கு 64 என்று வைத்தால் 10-க்கு 100, 12-க்கு 144, 15-க்கு 225. ஆக இரண்டு 8 அங்குலம் சேர்ந்தாலும் ஒரு 12 அங்குலத்தை எட்டாது. இரண்டு 10 என்றால் 12-ஐத் தாண்டிவிடும். ஆனால் பரப்பைவிட முக்கியமான ஒன்று, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. உங்கள் சப் 40 ஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்குகிறது என்றால் அதே மாதிரி இன்னொன்றை வாங்கினாலும் இரண்டும் அங்கேயே மூச்சு வாங்கும். டிவியோடு வந்த சிறிய பாக்ஸ் செட் வைத்திருப்பவர் இரண்டாவதைத் தேடுவதற்குப் பதில் முதலாவதை மாற்றுவதே சரி. 25 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஒன்று ஏற்கெனவே இருந்தால்தான் இரண்டாவது பற்றிப் பேசவே ஆரம்பிக்கலாம். அதுவும் அதே மாடலாக இருக்கட்டும். மூடிய பெட்டியும் துளைவிட்ட பெட்டியும் தாழ்ந்த ஒலியில் வெவ்வேறு விதமாகப் பின்தங்கும். கலந்து வைத்தால் ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் அழியும், அளவு மைக்கும் பொறுமையும் நிறைய வேண்டும்.

இரண்டாவதற்கு ஆதரவாக இன்னொரு உண்மையான காரணம் உண்டு. இரண்டு சப்பின் ஒலியும் ஒத்துச் சேரும் இடத்தில் 6 டெசிபல் கூடுகிறது. அந்தக் கூடுதலைக் கேட்கப் பயன்படுத்தாமல் இரண்டையும் குறைத்து வைத்தால், பழைய அதே சத்தத்துக்கு ஒவ்வொரு ஆம்பும் கால் பங்கு சக்தியில் ஓடும். திணறல் இல்லாத ஒலி அப்படித்தான் கிடைக்கும்.

இப்போது பக்கத்து வீடு. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு இது தெரிந்ததுதான்: ஒட்டுச்சுவர். பேச்சு அந்தச் சுவரைத் தாண்டாது. 40 ஹெர்ட்ஸ் தாண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. ஆனால் அது ‘ஏ’ அளவுகோலில். அந்த அளவுகோல் 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அதாவது 80 டெசிபலில் உறுமினாலும் மீட்டர் 45 என்று சாதுவாகக் காட்டும். பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் மட்டும் உண்மையைச் சொல்லும். மீட்டர் செயலியைக் காட்டி அண்டை வீட்டாரிடம் வாதாடவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நான் ஒருமுறை வாதாடியிருக்கிறேன்.

இரண்டு சப் என்றால் பக்கத்து வீட்டுக்கு இரண்டு மடங்கு தொல்லை என்று நினைக்கத் தோன்றும். எங்கள் வீட்டில் நேர்மாறாக இருந்தது. பள்ளத்தில் இருப்பவளுக்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போன வழக்கம் நின்றது. எல்லா இடத்திலும் கேட்கும்போது யாரும் ரிமோட்டைத் தேடுவதில்லை. ஒட்டுச்சுவர் பக்கம் பெட்டி போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் மச்சானுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவனுக்கு மாடியில் பத்துக்குப் பத்து ஒரே அறை. தனியாக, ஒரே நாற்காலியில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பார்ப்பவன். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டிருந்தான். நீளம், அகலம் இரண்டின் 57 ஹெர்ட்ஸ் பள்ளமும் சந்திக்கும் இடம் அதுதான். சப் சரியில்லை, பெரிதாக ஒன்று வாங்கவேண்டும் என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அவன் பெட்டியைக் கொண்டுபோய் விட்டபோது இரண்டு காரியம்தான் செய்தோம். நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினோம். சப்பை எடுத்து நாற்காலிக்குப் பின்னால், முதுகுக்கு ஓரடியில் வைத்தோம். ஒலி பிறக்கும் இடம் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதால் ஒலியளவை நன்றாகக் குறைக்க முடிந்தது. அறையும் பக்கத்து வீடும் குறைவாகவே அதிர்ந்தன. மிச்சமிருந்த மேட்டை ரிசீவரின் ஈக்வலைசர் தட்டிவிட்டது, ஒரே இருக்கைதானே. ஒரு ரூபாய் செலவில்லை. ஒருவரோ இருவரோ பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு நான் இரண்டாவது சப் வாங்கச் சொல்லமாட்டேன். முதலில் இருப்பதை நகர்த்திப் பாருங்கள். சப்பை உங்கள் நாற்காலியில் தூக்கி வைத்து, ஒரே பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தவழ்ந்து எந்த இடத்தில் ஒலி சீராக இருக்கிறது என்று கேளுங்கள்; அந்த இடத்தில் சப்பை வைத்தால் நாற்காலியில் அப்படியே கேட்கும். வீட்டில் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வாங்குவதாக முடிவெடுத்தவர்களுக்கு வயர் விஷயம் கொஞ்சம். விலை குறைந்த ரிசீவர்களில் பின்னால் ‘சப் 1’, ‘சப் 2’ என்று இரண்டு துளை இருந்தாலும் பலவற்றில் இரண்டிலும் வருவது ஒரே சிக்னல்தான், தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. அதற்காக ரிசீவரை மாற்றவேண்டியதில்லை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் போட்டாலும் அதே வேலை நடக்கும். டெனான் எக்ஸ்3800ஹெச் போன்றவற்றில் நான்கு தனி வெளியீடுகள் உண்டு. இல்லாவிட்டால் இடையில், ஒவ்வொரு சப்பையும் தனியே சரிசெய்ய உதவும் ஒரு மினிடிஎஸ்பி பெட்டி. தனித் தாமதம் கொடுக்க முடிந்தால் உடனே கொடுத்துவிடத் தோன்றும். பின்னால் இருப்பது பக்கம், அதைத் தாமதப்படுத்தலாம் என்று. முன்னும் பின்னுமாக வைத்த அமைப்பில் அவசரப்படவேண்டாம். இரண்டும் ஒரே நொடியில் தள்ளினால்தான் ஊஞ்சல் நிற்கும். தாமதம் ஒரு இருக்கைக்கு நல்லதாகி மற்றதைக் கெடுக்கலாம். பூச்சியத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் தொடுங்கள்.

வெவ்வேறு பிளக் பாயிண்டில் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வரலாம். ரிசீவரும் இரண்டு சப்பும் ஒரே பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். எர்த் பின்னை உடைத்துவிடு என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

வடசென்னைக்காரருக்கு மட்டும் ஒரு செலவு கூடுதலாக உண்டு. டிசம்பர் 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள வீடுகளில் தண்ணீர் எங்கே முதலில் ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். சப்பின் ஆம்ப் பெட்டியின் பின்பக்கத்திலேயே, தரைக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த வருடம் நான் அம்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு அடுத்துத் தூக்கியது அந்தப் பெட்டியைத்தான். ஒற்றை ஆளாய்த் தூக்க முடிகிற எடை. இரண்டு என்றால் இரண்டு நடை. ஓரடி உயர மரப்பலகை மேல் வைத்திருப்பது நல்லது. ஒலியில் அதனால் வரும் வித்தியாசத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் இரண்டாவதை வாங்கிவிட்டேன், அதே மாடலில், ஒருவர் பயன்படுத்தியதை. சமையலறை வாசலில் வைக்க முடியாதே. வாசலுக்கு வலப்பக்கம், நடுவிலிருந்து இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளி வைத்திருக்கிறேன். அளந்தால் 57-இல் ஒரு சின்ன மேடு திரும்ப வந்திருக்கிறது. 41 அடங்கிக் கிடக்கிறது. அம்மா அதன் மேல் ஒரு துணி விரித்து, சாயங்கால டீ டம்ளரை அங்கேதான் வைக்கிறார்.